கிணற்று நீரும் இசைத்தட்டும்: வீட்டில் தட்டுக் கழுவும் முறை

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நன்றாகத் துடைத்து, அதன்மேல் உங்கள் வளவுக் கிணற்று நீரில் ஒரு துளி, குழாய்நீரில் ஒரு துளி, வாகனப் பற்றறிக்கு ஊற்றுகின்ற நீரில் ஒரு துளி என மூன்று துளிகளை இடைவெளி விட்டு வைத்து, இரவு முழுவதும் உலர விடுங்கள். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி போன்று கடலை அண்டிய பகுதிகளில் வசிப்போர், மறுநாட் காலையில் கிணற்று நீர் இருந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளை வளையம் ஒன்றைக் காண்பார்கள். குழாய்நீர் மெல்லியதாகவேனும் ஒரு தடத்தை விட்டிருக்கும். பற்றறி நீர்த் துளியை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும். இசைத்தட்டுக் கழுவுதலைப் பற்றி நான் சொல்ல விரும்புவதன் பெரும்பகுதி அந்தக் கண்ணாடியிலேயே இருக்கிறது. எந்தச் சவர்க்காரம், எந்தத் தூரிகை என்று கவலைப்படும் நாம், தட்டு உலர்ந்த பின்னர் அதில் எஞ்சி நிற்கப் போவது என்ன என்று கேட்பதில்லை.

நான் இதனைப் பட்டே அறிந்தேன். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த நாற்பது தட்டுகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் வைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் நுரை பொங்கத் தேய்த்து, வாளிநீரில் அலசிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். காய்ந்த தட்டுகள் கண்ணுக்குப் பளபளத்தன. காதுக்கோ, முன்பிருந்ததைவிட மோசமாகக் கடுகு தாளித்தன. தூசு விட்டுப்போன இடத்தில் கிணற்றின் உப்பும் திரவத்தின் படிவும் குடியேறியிருந்தன. ஒவ்வொன்றாக மீண்டும் கழுவி அவற்றை மீட்பதற்கு இரண்டு மாதங்கள் சென்றன.

இவ்வளவு சிறிய படிவு ஏன் இவ்வளவு கேட்கிறது என்பதற்குத் தட்டின் அளவுகளே விடை தரும். 12 அங்குல நெடுந்தட்டின் (எல்பி) ஒரு பக்கத்தில் இருப்பது, வெளிவிளிம்பில் தொடங்கி நடுவிலுள்ள லேபலை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு தவாளிப்பு, அதாவது ஒலி பதிந்த நுண்பள்ளம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 20 நிமிடம் ஓடும் பக்கமாயின், அது ஏறத்தாழ 670 முறை சுற்றி வருகிறது. நீட்டி விரித்தால் 400 மீற்றரைத் தாண்டும். அதன் அகலமோ தலைமயிரின் தடிப்பளவு. அதில் ஓடும் ஊசிமுனையின் ஆரை ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கையும் எட்டாது. கண்ணாடியில் விரலால் தடவினாலும் தட்டுப்படாத உப்புப் படிவு, அந்த ஊசிக்குக் கல்லும் முள்ளுமான பாதை. அத்துடன், வெறும் நீர் இந்தத் தவாளிப்பினுள் இலகுவில் இறங்குவதும் இல்லை. மேற்பரப்பிழுவிசை காரணமாக அது தாமரை இலைத் தண்ணீர்போல முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விடும். நீரைப் பரவச் செய்து அடிவரை இறக்குவதற்காகவே மிகச் சிறிதளவு நனைப்புப் பொருள் சேர்க்கிறோம். அதன் வேலை முடிந்ததும் அதையும் வெளியேற்ற வேண்டும்.

கழுவத் தொடங்குமுன் கையிலிருப்பது வினைல் தட்டா, அரக்குத் தட்டா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 33⅓, 45 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் வினைலால் ஆனவை. 78 சுற்றுத் தட்டுகள், மிகச் சில விலக்குகள் தவிர, அரக்கையும் கற்றூளையும் சேர்த்து அழுத்தப்பட்டவை. அமெரிக்காவில் நெடுந்தட்டு 1948இலும் 45 சுற்றுத் தட்டு 1949இலும் வெளிவந்தன. 1960ஐ ஒட்டி மேலைநாடுகள் 78 சுற்றுத் தட்டைக் கைவிட்டன. ஆனால், நம்மவர் வீடுகளுக்கு வந்த தட்டுகளில் மிகப்பல கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் உருவானவை. இந்தியாவில் அரக்குத் தட்டுகள் 1960களின் நடுப்பகுதியிலும் வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே பாட்டு வெளிவந்த ஆண்டைப் பார்த்துத் தட்டின் பொருளைத் தீர்மானிக்காதீர்கள். கையில் எடுத்தால் அரக்குத் தட்டு கனமாகவும் வளையாததாகவும் இருக்கும். விளிம்பில் நகத்தால் மெல்லத் தட்டினால் ஓட்டுத் துண்டைத் தட்டியதுபோல ஒலிக்கும். இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் அற்ககோல் அரக்கைக் கரைத்து விடும். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பொலிஷ், அரக்கை ஸ்பிரிற்றில் கரைத்துச் செய்வதுதான் என்பதை நினைவில் வைத்தால் தவறு நேராது.

மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. ஒலிப்பதிவு நிலையங்களில் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சிட்டு நேரடியாக வெட்டப்பட்ட தட்டுகளின் விளிம்பிலோ துளையிலோ உலோகம் தெரியும். லேபலில் பெரும்பாலும் கையெழுத்தோ தட்டச்சோ இருக்கும். அவை பழுதடையும்போது பூச்சு சுருங்கி வெடிக்கிறது. அப்படியொன்று அகப்பட்டால் வீட்டில் நனைக்க வேண்டாம். ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

இனி நீருக்கு வருவோம். காய்ச்சி வடித்த நீரோ கனியுப்பு நீக்கப்பட்ட நீரோ வேண்டும். பற்றறிக்கென விற்கப்படும் நீர்ப் போத்தல் வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும்; அதே அலுமாரித் தட்டில் பற்றறி அமிலமும் அடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். புதிய போத்தல் ஒவ்வொன்றையும் கண்ணாடிச் சோதனைக்கு உட்படுத்துவது என் வழக்கம். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கொதிக்க வைத்தால் வன்னீரின் சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்தலின் அடியில் படியுமே தவிர, கறியுப்பு அப்படியே இருக்கும். நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். மாரி மழைநீர் மென்னீர்தான். ஆனால் கூரையின் தூசும் பறவை எச்சமும் கடற்காற்றின் உப்பும் அதனோடு சேர்ந்தே இறங்குகின்றன. குடிநீராக விற்கப்படும் ஆர்ஓ (நுண்சவ்வினூடாக வடித்த) நீரில் உப்புக் குறைவு, ஆனால் முற்றாக இல்லாமற் போவதில்லை. அதனை முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம், கடைசி அலசலுக்குக் கூடாது.

நனைப்புப் பொருளில் மின்னேற்றமற்ற வகை சிறந்தது. நுரை குறைவு, அலசும்போது இலகுவில் நீங்கும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தன் தட்டுகளைக் கழுவப் பயன்படுத்திய கலவையில் இருப்பதும் டேர்ஜிடோல் என்னும் இவ்வகைப் பொருளே. டேர்ஜிடோல் 15-எஸ்-9 கிடைக்குமாயின் 1 லீற்றர் நீருக்கு அரை மில்லிலீற்றர் போதும். மருந்துக் கடையில் வாங்கும் 1 மில்லிலீற்றர் சிறிஞ்சால் அதனை அளக்கலாம். படச்சுருள் கழுவிய பழைய ஸ்டூடியோக்காரர் எவரையேனும் அறிந்திருந்தால், கொடாக்கின் போட்டோ-ஃப்ளோ 200 அவரிடம் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படச்சுருளுக்கு அதை 1க்கு 200 என்ற விகிதத்தில் கலப்பார்கள். தட்டுக்கு அதைவிடக் குறைவாக, லீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லிலீற்றர் சேர்த்தால் போதும். இரண்டும் கிடைக்காதவர் நிறமும் வாசனையும் இயன்றவரை குறைந்த பாத்திரம் கழுவும் திரவத்தில் லீற்றருக்கு இரண்டே இரண்டு துளி விடலாம். இரண்டு துளி மிகக் குறைவு என்றே தோன்றும். அந்தத் தோற்றத்துக்கு இடங்கொடுத்துத்தான் நான் நாற்பது தட்டுகளைக் கெடுத்தேன்.

விரலடையாளமும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த வினைல் தட்டுக்கு மாத்திரம், லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் ஐசோபுரோபைல் அற்ககோல் சேர்க்கலாம். அடுப்புக்கு அருகில் கலக்காதீர்கள். கைக்குப் பூசும் சனிற்றைசரை அதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். அதில் கிளிசரீன் முதலியன உள்ளன, அவை தட்டிலேயே தங்கிவிடும். கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம், மண்ணெண்ணெய், சலவைத்தூள் ஆகியன பற்றிப் பேச்சே வேண்டாம். தட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் கைப்பழக்கம் சில வீடுகளில் இருந்தது. அப்படித் தடவப்பட்ட தட்டு எல்லாத் தூசையும் தன்பால் இழுத்துப் பசையாக்கி வைத்திருக்கும். அதற்கு இரண்டு முறை கழுவுதல் தேவைப்படும்.

லேபல் நனையாமற் காப்பதற்கு விலைகொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. நெடுந்தட்டின் லேபல் 10 சென்ரிமீற்றர் விட்டமுடையது. பாட்டுப் பதிந்த தவாளிப்பு அதற்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வெளியே முடிந்துவிடுகிறது. ஆகவே, பத்தரை முதல் பதினொரு சென்ரிமீற்றர் வரை விட்டமுள்ள பிளாஸ்ரிக் மூடிகள் இரண்டை எடுத்து, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அவற்றின் விளிம்பில் வளையமாக ஒட்டி, நடுவில் துளையிட்டு, 6 மில்லிமீற்றர் ஆணியையும் நட்டையும் கொண்டு தட்டின் இருபுறமும் இறுக்கிவிட்டால் போதும். தட்டின் நடுத்துளை 7 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டுவதால் ஆணி தாராளமாகச் செல்லும். கை இறுக்கமே போதும். சாவி போட்டு முறுக்க வேண்டாம். மென்மையான அகன்ற தூரிகைகள் இரண்டு, மைக்ரோஃபைபர் துணிகள் மூன்று, அழுத்தினால் நீர் பீய்ச்சும் போத்தல்கள் இரண்டு, பிளாஸ்ரிக் கம்பி இடைவெளிகளுள்ள பீங்கான் காயவைக்கும் தாங்கி ஒன்று ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டித் துணி மென்மையானதுதான், ஆனால் பஞ்சிழை விடும்.

கழுவும் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் மதியத்துக்குப் பின்னர் தூசு சன்னலால் உள்ளே வரும். அக்காலத்தில் விடியற்காலையே ஏற்றது. மார்கழி மாரியில் தட்டு உலர்வதற்கு ஒரு முழு நாளும் பிடிக்கலாம், ஆனால் காற்றில் தூசு இராது. எனக்கு அந்தக் காலமே பிடிக்கும்.

முதலில் உலர்ந்த தூரிகையால் தூசைத் தட்டிவிடுங்கள். மணலோடு நனைத்துத் தேய்த்தால் அதுவே கீறலாகும். அடுத்து, மூடியிட்ட தட்டை நிமிர்த்திப் பிடித்து, இருபுறமும் நீரை ஓடவிடுங்கள். கடலோர வீடுகளில் திறந்தபடி கிடந்த தட்டில் உப்புப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அது கரைவதற்கு இந்த ஓட்டமே போதுமானது. இதற்குக் குழாய்நீரையும் பயன்படுத்தலாம், ஏனெனில் தட்டு இப்போது உலரப் போவதில்லை. இரண்டு விதிகளை மாத்திரம் மீறாதிருந்தால் வடித்த நீரை வெகுவாகச் சேமிக்கலாம்: தொடங்கிய பின் இடையில் எந்த நிலையிலும் தட்டை உலர விடக்கூடாது, கடைசியாக அதனைத் தொடும் நீர் வடித்த நீராக இருக்க வேண்டும்.

பின்னர், தடித்த துவாயொன்றின்மேல் தட்டைக் கிடத்தி, 10 அல்லது 15 மில்லிலீற்றர் கரைசலை வளையமாக ஊற்றி, தூரிகையால் தவாளிப்பின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். லேபலிலிருந்து விளிம்புக்குக் குறுக்காகத் தேய்ப்பது அழுக்கை ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குத் தள்ளுமேயன்றி வெளியே எடுக்காது. வலஞ்சுழியாகப் பத்துச் சுற்று, இடஞ்சுழியாகப் பத்துச் சுற்று, பின்னர் ஒரு நிமிடம் ஊறவிடுதல், மீண்டும் சில சுற்று. தூரிகையின் மயிர்முனையே வேலை செய்ய வேண்டும். அழுத்தினால் மயிர் மடிந்து தவாளிப்பின் மேலால் வழுக்கிச் செல்லும். கரைசல் அறைவெப்பநிலையில் இருந்தால் போதும். வெந்நீர் என்றதும் நமக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் நினைவுக்கு வரும். வினைலுக்கோ கைக்கு இளஞ்சூடாகத் தெரியும் நீரே எல்லை, 60 பாகை செல்சியசை ஒட்டி அது நெகிழத் தொடங்குகிறது. வெயிலில் நிறுத்திய காரில் தட்டை விட்டு வந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தைக் கழுவுவதற்கு உலர்ந்த வேறொரு துவாயைப் பயன்படுத்துங்கள். முதற்பக்கத்து அழுக்கின்மேல் சுத்தமான பக்கத்தைக் கிடத்துவது நாம் அறியாமற் செய்யும் பிழை. இரு பக்கமும் முடிந்ததும் அலசல் தொடங்குகிறது. பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தட்டை நிமிர்த்திப் பிடித்து, மேல் விளிம்பிலிருந்து நீர் வழியுமாறு சுழற்றிக்கொண்டே முதல் அலசலைச் செய்து, நுரைக்குமிழிகள் முற்றாக மறைந்த பின்னர், அலசலுக்கென்றே ஒதுக்கிய இரண்டாவது தூரிகையால் வடித்த நீரை வட்டமாகப் பரப்பி, மீண்டும் வடித்த நீரை வழியவிட வேண்டும். ஒரு தட்டுக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர் வரை செலவாகும். நனைப்புப் பொருள் முழுவதும் நீங்கியதற்கு அடையாளம், நீர் படலமாகப் பரவாமல் மீண்டும் முத்தாகத் திரள்வதாகும். தாமரை இலைத் தண்ணீர் திரும்பி வரும்வரை அலசுங்கள்.

மைக்ரோஃபைபர் துணியை மேலே வைத்து ஒற்றி எடுத்தால் நீரின் பெரும்பகுதி துணிக்கு வந்துவிடும். நீர் தானாக ஆவியாவதைவிட உறிஞ்சப்படுவதே நல்லது. ஆவியாகும் நீர் தன்னில் கரைந்ததை விட்டுச் செல்கிறது, உறிஞ்சப்படும் நீர் அதையும் கொண்டு போகிறது. வெற்றிட உறிஞ்சியுள்ள கழுவும் இயந்திரங்கள் கைமுறையைவிடச் சிறந்த பயனைத் தருவதற்கும் இதுவே காரணம். எஞ்சிய ஈரம் உலர, தட்டை நிறுத்தி வைத்து, சன்னலை மூடி, மின்விசிறியை நேராகப் பாயவிடாமல் விட்டுவிடுங்கள். வெயில் கூடாது.

உலர்ந்த தட்டைப் பழைய உள்ளுறைக்குள் திருப்பி வைப்பது, குளித்துவிட்டு அழுக்குச் சாரத்தை உடுப்பதற்கு ஒப்பானது. பொலித்தீன் உள்ளுறை வாங்க முடியாவிட்டால், அச்சிடாத தூய பொலித்தீன் பையை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். மென்மையாக ஒட்டிக்கொள்ளும் பீவீசீ உறைகளை நீண்டகாலம் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் நெகிழ்த்திப் பொருள் தட்டில் மங்கலான படலமாக இறங்கும். பூஞ்சணம் பிடித்த வினைல் தட்டாயின், வீட்டுக்கு வெளியே முகக்கவசம் அணிந்து தூசி தட்டி, உள்ளுறையை எறிந்துவிட்டு, அற்ககோல் கலந்த கரைசலால் கழுவுங்கள். மட்டை உறையைச் சிறிது நேரம் இளவெயிலில் வைக்கலாம்.

கழுவியும் சத்தம் போகவில்லை என்று மனம் சோர்வதற்கு முன்னர், சத்தத்தை எண்ணிப் பாருங்கள். 33⅓ சுற்றில் 1.8 செக்கனுக்கு ஒருமுறை தவறாமல் கேட்கும் ‘டிக்’ ஒலி கீறலுக்குரியது. 45 சுற்றில் அது 1.3 செக்கனுக்கு ஒருமுறை வரும். எந்த நீரும் அதைத் தீர்க்காது. ஒழுங்கில்லாமல் பொரியும் ஒலி அழுக்குக்கோ படிவுக்கோ உரியது, அதற்கு இரண்டாவது கழுவல் பயன் தரும். உச்சத்தாயியில் பாடும்போது மாத்திரம் குரல் கரகரத்தால் தவாளிப்பே தேய்ந்துவிட்டது. ஒலிபெருக்கிக் கடைத் தட்டுகள் பலவற்றின் கதி அதுதான். பெரியப்பாவின் நாற்பதில் பதினொன்று அப்படி.

அரக்குத் தட்டுக்கு இதே முறைதான், ஆனால் அற்ககோல் அறவே இல்லாமல், ஊறவிடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நிமிடத்துக்குள் கழுவி அலசி உடனே ஒற்றி எடுக்க வேண்டும். விளிம்பு உடைந்த அல்லது வெடிப்புள்ள தட்டை நனைக்காதீர்கள். சிலவற்றின் உட்பகுதி அடுக்குகளாக அமைந்திருப்பதால் வெடிப்பினூடாகச் சென்ற நீர் அந்த அடுக்குகளை ஊதச் செய்யும். ஈரக்கையில் அரக்குத் தட்டு வழுக்கும் என்பதால் கீழே தடித்த துவாயை விரித்து வைத்திருப்பது நலம்.

கழுவிய தட்டை முதன்முறை ஓடவிடும்போது, தளர்ந்து நின்ற எச்சங்களை ஊசி சேர்த்தெடுக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் சிறிய உலர்ந்த தூரிகையால் பின்னிருந்து முன்னாக, ஒருபோதும் பக்கவாட்டில் அல்லாமல், ஊசியைத் துடைத்துவிடுங்கள். கலந்து மீந்த கரைசலைச் சேமித்து வைப்பதில் இலாபமில்லை. அதில் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லாததால் நம்மூர் வெக்கையில் சில வாரங்களில் போத்தலின் அடியில் நூல்போல ஏதோ வளரத் தொடங்கும். அற்ககோல் சேர்க்காததாயின் வாழையடியில் ஊற்றிவிட்டு, அடுத்த முறைக்குப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.